வெளியே அடியுங்கள், உள்ளே வேண்டாம்: நகை அலமாரி கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய மரச்சாமான்களுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நகை அலமாரி பற்றியவை. யாரோ வைத்திருந்ததை ஆசையாக வாங்கி வந்துவிட்டு, அதன் நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இத்தனை பேரா! சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு நகை அலமாரி வாங்கினேன். இடுப்பு உயரம். மூடியைத் தூக்கினால் கண்ணாடி, நடுவில் ஆறு டிராயர், இரண்டு பக்கமும் மாலை தொங்கவிடுகிற கதவு. அடர் சிவப்பில் பளபளவென்று இருக்கிறது, எனக்கு அதை வெள்ளையாக்க வேண்டும். மரம் தெரிகிற அளவுக்கு முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டுமா?

பதில்: முதலில் அதில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிராயரை முழுசாக வெளியே உருவி, பலகையின் வெட்டு விளிம்பைக் கவனியுங்கள். ரேகை எதுவும் ஓடாமல், மாவை அழுத்தி வைத்ததுபோல ஒரே பழுப்பாக இருந்தால் அது எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே தெரிகிற சிவப்பு ஒன்று வெனீராக (மெல்லிசாகச் சீவி ஒட்டிய மரத்தோல்) இருக்கும், இல்லையென்றால் மர ரேகை அச்சடித்த வெறும் காகிதம். வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, காகிதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மெஷின் வைத்துத் தேய்த்தால் சில நிமிடத்தில் மேல்தோல் போய்விடும், அப்புறம் பட்டி பார்ப்பதிலேயே உங்கள் ஆசை தீர்ந்துவிடும்.

நமக்கு வேண்டியது பளபளப்பு சாவது, அவ்வளவுதான். 220 நம்பர் உப்புத்தாளைக் கையால் லேசாக ஓட்டுங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கும் மினுக்கம் தெரியக் கூடாது. ஆனால் தேய்ப்பதற்கு முன்னால் துடைத்தாக வேண்டும், இந்த வரிசையைத்தான் நிறையப் பேர் மாற்றிவிடுகிறார்கள். கை பட்ட எண்ணெய், சென்ட், வருஷக்கணக்கில் துடைத்த பாலிஷ் எல்லாம் அதன்மேல் இருக்கிறது. துடைக்காமல் தேய்த்தால் அத்தனையும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலிக்கோன் கலந்த பாலிஷ் என்றால் பெயின்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாகக் குழி விழும், பெயின்டர்கள் அதை மீன்கண் என்பார்கள். சோப்பு நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஈரம் நிற்காமல் துடையுங்கள். எம்.டி.எஃப்பின் வெட்டு விளிம்பில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், உப்பினது திரும்ப அடங்காது.

கைப்பிடி, கீல், கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டிராயர்களின் பின்பக்கம் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிவையுங்கள். ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று தோன்றும், ஆனால் மூன்றாவதை ஐந்தாவதின் இடத்தில் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். வழவழப்பான பரப்பிலும் பிடிக்கிற பிரைமர் ஒரு கோட். மறுநாள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். உரிந்து வந்தால் மேற்கொண்டு அடிக்காதீர்கள், அடியில் இன்னும் அழுக்கு இருக்கிறது. உரியவில்லை என்றால் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் எனாமலை, சிறிய ஃபோம் ரோலரால், மெல்லிசாக இரண்டு மூன்று கோட். தடிமனாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் விளிம்பில் வழிந்து நிற்கும்.

டிராயரின் முகப்பை மட்டும் அடியுங்கள். பக்கப் பலகையைத் தொடாதீர்கள். அங்கே இருக்கிற இடைவெளியே காகித அளவுதான், மூன்று கோட் பெயின்ட் அதை அடைத்துவிடும். பக்கங்களிலும் அடிப்பக்கத்திலும் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

கேள்வி: மூன்று கோட் வெள்ளை அடித்தும் இளஞ்சிவப்பாகக் கறை கறையாக எட்டிப்பார்க்கிறது. நாலாவது கோட் அடிக்கட்டுமா?

பதில்: பத்தாவது அடித்தாலும் பார்க்கும். அடியில் இருக்கிற மரத்தின் சாறோ, சிவப்புச் சாயமோ தண்ணீரில் கரைகிறது, நீங்கள் அடித்ததும் தண்ணீர் பெயின்ட். ஒவ்வொரு கோட்டும் அதை ஊறவைத்து மேலே இழுக்கிறது. இப்போது இருப்பதை நன்றாகக் காயவிட்டு, அதன் மேலேயே அரக்கு கலந்த பிரைமர் ஒரு கோட் கொடுங்கள். ஷெல்லாக் என்று டப்பாவில் போட்டிருக்கும். பிரெஞ்ச் பாலிஷில் இருக்கிற அதே அரக்குதான். அது தண்ணீரில் இல்லாமல் ஆல்கஹாலில் கரைந்திருப்பதால் சாயத்தைக் கிளப்பாமல் பூட்டுப் போட்டுவிடும். நெடி அதிகம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். அதற்கு மேல் ஒரு கோட் வெள்ளை போதும்.

கேள்வி: அலமாரியை உள்ளும் புறமும் ஆயில் எனாமல் அடித்து, பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. நாலு நாள் காயவிட்டு நகைகளை வைத்தேன். இரண்டு மாதத்தில் வெள்ளிச் சங்கிலி கறுத்துவிட்டது, முத்து மாலையும் மங்கினதுபோல இருக்கிறது. பெயின்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. இந்த வாரம் வந்ததிலேயே முக்கியமான கடிதம் இதுதான், பெயின்ட் டப்பாவில் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆயில் பெயின்ட் காய்வது என்றால் ஈரம் போவது மட்டும் இல்லை. அதிலிருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்படி இறுகும்போது அமில ஆவிகளை விட்டுக்கொண்டே இருக்கும், தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் பல வாரம். அறைச் சுவரில் அடித்தால் காற்றோடு போய்விடும். உங்கள் டிராயரோ மூடின பெட்டி. ஆவி போக வழியில்லை, உள்ளே முத்து இருக்கிறது. முத்து என்பது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரைகிற சரக்கு.

இது புதுக் கதையும் இல்லை. மர அலமாரிகளில் சேர்த்துவைத்த சிப்பி, சங்குகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்து அரித்துப் போவதை, பைன் என்ற ஆங்கிலேயர் 1899இல் விவரித்து எழுதினார். கிருமிதான் காரணம் என்று அவர் நினைத்தார். ஓக் போன்ற மரங்களே விடுகிற அசிட்டிக் அமில ஆவிதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் இதற்கென்று ஒரு சோதனையே உண்டாக்கினார். காட்சிப் பெட்டிக்குள் போகப்போகிற துணி, பலகை, பெயின்ட் எதுவானாலும் அதில் ஒரு துணுக்கை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு குப்பியில் அடைத்து, ஈரப்பதத்தோடு 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருளுக்கு உள்ளே இடமில்லை.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். அது பெயின்ட்டிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. டிராயரில் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறதா, நகைக்கு அடியில் ரப்பர் ஷீட் எதையாவது போட்டீர்களா என்று பாருங்கள், இரண்டிலுமே கந்தகம் உண்டு. மாலையை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்? நகைகளை இன்றே வெளியே எடுங்கள். டிராயர்களை உருவி, கதவுகளைத் திறந்து, காற்றோட்டமான அறையில் ஒன்றிரண்டு மாதமாவது வையுங்கள். மூக்கு மட்டும் போதாது. பளிச்சென்று துடைத்த சின்ன வெள்ளிச் சாமான் இரண்டு எடுத்து, ஒன்றை மூடின டிராயருக்குள்ளும் இன்னொன்றை அறையிலேயே ஒரு தட்டிலும் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். உள்ளே இருந்தது மட்டும் சீக்கிரம் கறுத்தால் வெள்ளியை வைக்க இன்னும் பொறுக்க வேண்டும், ஆனால் அமில ஆவியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. முத்தை மட்டும் என்னிடம் கேட்டால் அந்த அலமாரிக்கே திரும்பக் கொண்டுபோக மாட்டேன், பருத்தித் துணியில் சுற்றி வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் அடிக்கப் போகிறவர்களுக்கு: கண்ணுக்குத் தெரிகிற வெளிப்பக்கம் உங்கள் இஷ்டம். நகை படுக்கிற உள்பக்கத்தில் பெயின்டே வேண்டாம். போதாக்குறைக்கு, ஆயில் வெள்ளை இருட்டில் மஞ்சளாகும், மூடியே இருக்கிற டிராயரில் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று யோசியுங்கள்.

கேள்வி: உள்ளே பெயின்ட் வேண்டாம் என்றால் அழுக்கேறின வெல்வெட்டை என்ன செய்வது? பழைய வாசனையும் போகவில்லை.

பதில்: வாசனை மட்டும் என்றால் சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, வாக்வம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். துணியே நைந்துபோயிருந்தால் மாற்றிவிடலாம், ஆனால் டிராயரில் பசையைக் கொட்டி ஒட்டாதீர்கள். மரவேலைக்கு வாங்குகிற வெள்ளைப் பசையும் அசிட்டிக் அமில வாடை விடுகிற சரக்குதான். நான் செய்கிற முறை இது: டிராயரின் உள் அளவைவிட எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைத்து ஒரு கெட்டி அட்டை வெட்டுகிறேன். பருத்தி வெல்வெட்டை அதன்மேல் விரித்து, ஓரங்களை அடிப்பக்கம் மடித்து, போர்வைக்குத் தையல் போடுகிற மாதிரி நூலால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இழுத்துக் கட்டுகிறேன். அப்படியே உள்ளே அழுத்தினால் கச்சிதமாக உட்காரும், பசையே தேவையில்லை. அடுத்த முறை அழுக்கானால் நகத்தால் நெம்பி எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: பெயின்ட் காய்ந்துவிட்டது என்று நினைத்து மூடியைச் சாத்தினேன். இப்போது திறக்க வரவில்லை, அக்கா.

பதில்: வாம்மா, நம் சங்கத்துக்கு! நான் முதல்முதலில் அடித்த அலமாரியில் இரண்டாம் நாளே மூடியைச் சாத்திவிட்டு, மறுநாள் வேகமாக இழுத்தேன், மூடி வந்தது, கூடவே அலமாரியின் உடம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் பிரைமரோடு சேர்ந்து பட்டையாக உரிந்து வந்தது. காய்வது வேறு, இறுகுவது வேறு. அக்ரிலிக் இரண்டு மணி நேரத்தில் காய்ந்ததுபோலத் தெரியும், முழுசாக இறுகப் பொதுவாக 3, 4 வாரம் ஆகும், அதுவரை பெயின்ட்டும் பெயின்ட்டும் தொட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இழுக்காதே. மெல்லிய பிளேடை இடுக்கில் படுக்கவைத்துச் சுற்றிலும் நகர்த்து, தானாக விடும். அப்புறம் இடையில் பட்டர் பேப்பர் துண்டு வைத்தே மூடு. ஒரு மாதம் கழித்து, தொடுகிற விளிம்பில் மட்டும் மெழுகு தேய்.

கேள்வி: கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை. டேப் ஒட்டினாலும் உள்ளே கசிகிறது.

பதில்: கசியட்டும். காய்ந்த பிறகு கண்ணாடியை ஈரமாக்கி, சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் சுருண்டு வந்துவிடும். சட்டத்தை ஒட்டி முதலில் பிளேடின் நுனியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் சட்டத்துப் பெயின்ட் சேர்ந்து உரியாது.

கேள்வி: சுண்ணாம்பு பூசினதுபோல மினுக்கமில்லாமல் காய்கிற சாக் பெயின்ட் அடித்தால் தேய்க்கவே வேண்டாமாமே?

பதில்: தேய்க்காமலும் ஓரளவு பிடிக்கும், உண்மைதான். ஆனால் துடைக்காமல் பிடிக்காது, கடைசியில் மெழுகோ வார்னிஷோ பூசாவிட்டால் கை பட்ட இடமெல்லாம் அழுக்கை இழுத்துக்கொள்ளும். நாளைக்கு நாலு முறை திறந்து மூடுகிற சாமானுக்கு எனக்கு எனாமல்தான் பிடிக்கும்.

கேள்வி: என்னுடையது பாட்டி காலத்துச் சாமான், முழு மரம், கையால் செதுக்கிய பூ வேலை இருக்கிறது. அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். துடைத்து, மெழுகு போட்டு விடுங்கள். அதன்மேல் ஏற்கெனவே யாராவது பழங்காலத்துப் பெயின்ட் அடித்திருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், அந்தக் காலப் பெயின்ட்டுகளில் ஈயம் கலந்திருக்கும், தூசி மூச்சில் போகும். அதைச் சோதிக்கிற கிட் கிடைக்கிறது, வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.