அரக்குத் தட்டில் அடங்கிய குரல்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டுகளைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்றை எழுதி, 1950களின் நடுப்பகுதியில் வந்த ஆங்கிலப் பாட்டுத் தட்டுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்து இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் அப்பப்பா 1955ஆம் ஆண்டளவில் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய பெட்டகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆங்கிலத் தட்டுகள் கிடைத்தன. ரூபி மரே, டிக்கி வலன்ரைன், சிலிம் விற்மன் என்று பெயர்கள் உள்ளன. எல்லோரும் இங்கிலாந்தில் "முதலாம் இடம்" பெற்றவர்கள் என்று அப்பப்பா சொல்வாராம். அந்த இடத்தை வழங்கியவர் யார்?
(வாசகர், திருநெல்வேலி)

அரசாங்கமோ ஒலிபரப்பு நிலையமோ அந்த இடத்தை வழங்கவில்லை; ஒரு வார இதழ்தான் வழங்கியது. 1952 நவம்பர் 14 வரை, இங்கிலாந்தில் எந்தப் பாட்டு மக்களிடம் பரவியிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அச்சிட்ட இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனையைக் கொண்டே கணித்தார்கள். அந்த நாளில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழ், தட்டு விற்பனையை அடிப்படையாகக் கொண்ட முதலாவது வரிசையை வெளியிட்டது. இதழின் விளம்பரப் பகுதியைப் பார்த்துவந்த பேர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ இருபது கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த வாரம் எது கூடுதலாக விற்றது என்று கேட்டு எழுதிக்கொண்டார். வரிசையின் பிறப்பு அவ்வளவுதான். பன்னிரண்டு இடங்கள் என்று தலைப்பிட்டிருந்தாலும், சில இடங்களைத் தட்டுகள் சமமாகப் பகிர்ந்துகொண்டதால் முதல் வாரத்திலேயே பதினைந்து தட்டுகள் அதில் இடம்பெற்றன. அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவின் 'ஹியர் இன் மை ஹார்ட்' முதலாம் இடத்தில் ஒன்பது வாரங்கள் இருந்தது. 1954 ஒக்டோபரில் இருபது இடங்களாகவும், 1956 ஏப்ரலில் முப்பது இடங்களாகவும் வரிசை நீண்டது. இதற்கிடையில் வேறு இதழ்களும் தத்தமது வரிசைகளை வெளியிடத் தொடங்கியதால், ஒரே வாரத்தில் ஒரு பாட்டு ஓரிதழில் முதலாவதாகவும் இன்னோர் இதழில் இரண்டாவதாகவும் இருக்கக்கூடிய நிலை உண்டாயிற்று. ஆகவே அந்த இலக்கங்களை அளவுகோலாகக் கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

உங்கள் அப்பப்பாவின் மூவரும் அந்தப் பெருமைக்கு உரியவர்களே. ரூபி மரே வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ற் நகரில் பிறந்தவர். சற்றுக் கம்மிய, காதோடு பேசுவது போன்ற மென்குரல் அவருடையது. 1955 மார்ச்சில் ஒரு வாரத்தில், இருபது இடங்களில் ஐந்து இடங்கள் அவருடைய பாட்டுகளுக்கே உரியனவாக இருந்தன. அவற்றுள் 'சொஃப்ட்லி, சொஃப்ட்லி' முதலாம் இடத்தைப் பெற்றது. உங்களிடமுள்ளது கொலம்பியாக் கொம்பனி வெளியிட்ட அந்தத் தட்டாயின் மிகக் கவனமாக வைத்திருங்கள். டிக்கி வலன்ரைன் ரெட் ஹீத்தின் இசைக்குழுவில் பாடிப் பெயர் பெற்றுப் பின்னர் தனித்துப் பாடியவர். 1955ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், அவ்வாண்டு நத்தாரின்போதும் முதலாம் இடத்துக்கு வந்தார். சிலிம் விற்மன் ஓர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர். குரலை மேல் ஸ்தாயியில் உடைத்துப் பாடும் பாணி அவருக்கு உரியது. அவருடைய 'ரோஸ் மரி' 1955இல் தொடர்ந்து பதினொரு வாரங்கள் முதலாம் இடத்தில் இருந்தது. இடைவிடாத வாரங்களில் அதை வெல்ல 1991 வரை எவராலும் முடியவில்லை. இடைவெளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1953இல் பிராங்கி லெயின் 'ஐ பிலீவ்' என்ற பாட்டுடன் பதினெட்டு வாரங்கள் அங்கே இருந்திருக்கிறார்.

ஒரே பாட்டு மூன்று தட்டுகளில் மூன்று பாடகர்களின் பெயரில் இருக்கிறது. இது திருட்டா, அல்லது அச்சுப் பிழையா?
(வாசகர், கோப்பாய்)

இரண்டும் இல்லை. அக்காலத்தில் மக்கள் முதலில் பாட்டைத் தேடினார்கள், பாடகரைப் பிறகே தேடினார்கள். இசைக்குறிப்பை வெளியிட்ட நிறுவனம் எந்தக் கொம்பனிக்கும் எந்தப் பாடகருக்கும் அந்தப் பாட்டைக் கொடுக்கும். ஒவ்வொரு கொம்பனியும் தன் பாடகரைக் கொண்டு அதைப் பாடவைத்து, மற்றக் கொம்பனியை முந்திக் கடைக்கு அனுப்பப் பார்க்கும். 1955ஆம் ஆண்டு 'அன்செயின்ட் மெலடி' என்ற பாட்டை ஜிம்மி யங் பாடி முதலாம் இடத்தைப் பெற்றார். அதே பாட்டை அல் ஹிப்ளர் பாடி இரண்டாம் இடம் வரை வந்தார். லெஸ் பக்ஸ்ரரின் இசைக்குழுவும் அதையே கொண்டு முதற் பத்துக்குள் வந்தது. அவ்வாண்டே 'செரி பிங்க் அன்ட் அப்பிள் புளொசம் வைற்' என்ற மெட்டைக் கியூபாவைச் சேர்ந்த பெரெஸ் பிராடோவின் குழுவும், இங்கிலாந்தின் எடி கல்வேர்ட் தம் ட்ரம்பெட்டிலும் வாசித்து, சில வார இடைவெளியில் இருவரும் முதலாம் இடத்தைப் பிடித்தார்கள்.

நமக்கு இது புதிய அனுபவம் அல்ல. திருவிழா இரவில் இரண்டு நாதஸ்வரக் கோஷ்டிகள் ஒரே கீர்த்தனையை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போது, கீர்த்தனை திருடப்பட்டதாக எவரும் எண்ணுவதில்லை. வித்துவானின் கைவண்ணத்தை ஒப்பிட்டுக் கேட்பதற்காகவே வீதியில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறோம். உங்களுடைய மூன்று தட்டுகளையும் அந்த முறையிலேயே அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இதில் உச்சமான நிகழ்ச்சி 1953 டிசம்பரில் நடந்தது. 'அன்ஸர் மீ' என்ற பாட்டை பிராங்கி லெயினும் டேவிட் விற்ஃபீல்டும் தனித்தனியே பாட, இருவரும் ஒரு வாரம் முதலாம் இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டு கடவுளை நோக்கிக் காதலைப் பற்றிக் கேட்பதாக அமைந்திருந்தமையால் பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்திருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டும்.

தட்டு ஒன்று கை தவறி விழுந்து கண்ணாடிபோல் உடைந்துவிட்டது. பிளாஸ்ரிக் என்றல்லவா நினைத்திருந்தேன்? உண்மையில் இது எதனால் செய்யப்பட்டது?
(வாசகி, சுன்னாகம்)

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அது பிளாஸ்ரிக் அல்ல, அரக்கு. தபாற் கந்தோரில் பதிவுப் பொதிக்கு முத்திரை வைக்கும் அதே அரக்கு. நம் பொற்கொல்லர் உள்ளீடற்ற நகையை நிரப்பும் அதே அரக்கு. பாண்டவருக்குக் கட்டிய மாளிகை எரிந்ததாகச் சிறு வயதில் கேட்டோமே, அதே பொருள். புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கொப்புகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி, தன் உடலைச் சுற்றி ஒரு பிசினைச் சுரக்கிறது. அந்தக் கொப்புகளை வெட்டி, பிசினைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்தால் கிடைப்பதுதான் வணிகத்தில் செல்லாக் எனப்படுவது. உலகத்துக்கு அதை வழங்கியதில் இந்தியாவின் சோட்டா நாக்பூர்ப் பகுதிக்கே பெரும் பங்கு உண்டு. இலண்டனுக்கு அருகிலுள்ள ஹேய்ஸ் தொழிற்சாலையில் அச்சடித்த ரூபி மரேயின் குரலும் அந்த மரக்கொப்பிலிருந்து புறப்பட்டதே. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தட்டைக் கையில் எடுக்கும் விதமே மாறிவிடுகிறது.

ஆனால் தட்டு முழுவதும் அரக்கு அல்ல. அரக்கு பிணைக்கும் பொருள் மாத்திரமே. பெரும்பகுதி கற்பலகைத் தூள், சுண்ணாம்புக்கல் தூள் போன்ற கனிமப் பொடிகள். கருமைக்குக் கரியும், பிடிப்புக்குப் பஞ்சு நாரும் சேர்ப்பார்கள். அந்தக் கற்பொடிதான் நாம் கேட்கும் இரைச்சலுக்கும், தட்டு நொறுங்குவதற்கும் காரணம். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, புதுத் தட்டு வாங்க வருபவர் பழைய தட்டைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிலை இங்கிலாந்தில் இருந்தது. வைனைல் எனும் பிளாஸ்ரிக்கில் ஆன தட்டுகள் அங்கே 1950இலேயே வரத் தொடங்கினாலும், 45 சுற்றுச் சிறு தட்டை ஈஎம்ஐ கொம்பனி 1952 ஒக்டோபரில்தான் வெளியிட்டது. வீடுகளில் இருந்த இசைத்தட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 78க்கே உரியனவாக இருந்தபடியால், தசாப்தத்தின் நடுப்பகுதி முழுவதும் வரிசைப் பாட்டுகள் அரக்கிலேயே பெரிதும் விற்றன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் மாத்திரமே அடங்கும். அக்காலப் பாட்டு எதுவும் அலையாமல் நேரே விடயத்துக்கு வருவதற்கு இந்த எல்லையும் ஒரு காரணம்.

மகன் வெளிநாட்டிலிருந்து சூட்கேஸ் வடிவத்தில் ஒரு புதிய பிளேயர் அனுப்பியிருக்கிறார். அதில் 78 என்ற குறி உண்டு. அப்படியே போடலாமா? தட்டுகளைக் கழுவுவது எப்படி?
(வாசகர், பருத்தித்துறை)

தயவுசெய்து அப்படியே போடாதீர்கள். வேகம் சரியாக இருப்பது போதாது, ஊசியும் சரியாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டில் ஊசி ஓடும் தடம் மெல்லியது. அதற்கான ஊசிமுனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனிலும் சிறியது. 78 தட்டின் தடத்துக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு அளவான முனை வேண்டும். சிறிய ஊசி தடத்தின் சுவரைத் தொடாமல் அடியில் விழுந்து, அங்கே படிந்துள்ள தூசியையும் கற்பொடியையும் உழுதுகொண்டு போகும். இரைச்சல்தான் கேட்கும், தட்டும் ஊசியும் சேர்ந்து கெடும். இத்தகைய மலிவான பிளேயர்களில் 78 வேகம் இருந்தாலும் ஒரே ஒரு எல்பி ஊசியை மாத்திரம் பொருத்தி அனுப்புவது வழக்கம். 78க்கென்று தனி ஊசி கிடைக்குமா என்று மகனிடம் கேட்டு எழுதுங்கள், கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

சாவி கொடுத்து இயக்கும் பழைய பெட்டியிலும் 1950களின் தட்டுகளைப் போடுவதை நான் விரும்புவதில்லை. ஊசியைத் தாங்கும் பாரம் குறைந்த மின் முனைகளுக்காகவே (பிக்கப்) இத்தட்டுகள் உருவாயின. பழைய பெட்டியின் ஒலிமுனை பாரமானது, உருக்கு ஊசியோ ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டியது.

கழுவும்போது ஸ்பிரிற் அல்லது எவ்வகை அற்ககோலும் படக் கூடாது, ஏனெனில் அரக்கு அதில் கரைந்துவிடும். இளைஞனாக இருந்தபோது காயத்துக்குப் போடும் ஸ்பிரிற்றைப் பஞ்சில் நனைத்து ஒரு தட்டைத் துடைத்து, பளபளப்பு முழுவதும் பால் படர்ந்ததுபோல் மங்கிப்போனதைக் கண்டு நான் இரண்டு நாள் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தேன். காய்ச்சி வடித்த குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டு, மென்துணியால் தடத்தின் வழியே சுற்றித் துடைத்து, ஊற விடாமல் உடனே உலர்த்துங்கள். நடுவிலுள்ள கடதாசிச் சீட்டு நனையக் கூடாது. மாரி காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சித்திரை வெயிலில் தட்டு வளையும். பொலித்தீன் பையில் இட்டு மூடாமல், கடதாசி உறையில் நிமிர்த்தி அடுக்குங்கள்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இப்பாட்டுகளை எங்கே கேட்டார்கள்?
(வாசகர், நல்லூர்)

தட்டும் பெட்டியும் வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது, மற்றவர்களுக்கு வானொலிதான். 1950 செப்ரெம்பர் 30ஆம் திகதி தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, ஆங்கிலம், தமிழ், சிங்களம், ஹிந்தி ஆகிய மொழிகளில் ஒலித்தது. தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்காக அக்கரைத் தமிழ்நாடே காத்திருந்த அதே அலைவரிசைக் குடும்பத்தில், ஆங்கிலப் பகுதியினர் இலண்டன் வரிசைப் பாட்டுகளைச் சுழலவிட்டார்கள்.

என்னிடம் 'றொக் அரவுண்ட் த குளொக்' நல்ல நிலையில் இருக்கிறது. என்ன விலை போகும்?
(வாசகர், சாவகச்சேரி)

அதிகம் போகாது. பில் ஹேலி பாடிய அந்த பிரன்ஸ்விக் கொம்பனித் தட்டு 1955 ஜனவரியில் வரிசையின் கீழிடத்தில் எட்டிப் பார்த்து மறைந்து, ஒரு திரைப்படத்தில் ஒலித்த பின்னர் அவ்வாண்டு நவம்பரில் முதலாம் இடத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதற் தட்டும் அதுவே. அத்தனை பேரிடம் இருந்த பொருள் அருமையான பொருளாக முடியாது. மாறாக, 45 சுற்றுத் தட்டுகள் வென்றுவிட்ட 1959, 1960ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் அச்சான கடைசி அரக்குத் தட்டுகளும், கல்கத்தாவின் டம் டம் தொழிற்சாலையில் 1960களின் நடுப்பகுதி வரை 78 சுற்றில் அச்சான பீற்றில்ஸ் தட்டுகளுமே சேகரிப்போர் தேடுபவை. சீட்டில் டம் டம் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தட்டை விற்காமல் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அம்மம்மா "அந்தப் பியானோத் தட்டைப் போடு" என்று அடிக்கடி கேட்கிறா. பிலிப்ஸ் சீட்டு, 'பாகம் 2' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பெயரில் 'அற்வெல்' என்பது மாத்திரம் தெரிகிறது. அது என்ன?
(மாணவி, மானிப்பாய்)

உங்கள் அம்மம்மாவின் இரசனைக்கு வணக்கம். அவர் வினிபிரெட் அற்வெல்; கரிபியன் தீவான திரினிடாட்டில் பிறந்து, மருந்தாளராகப் பயின்று, பின் இலண்டனில் மேலைச் செவ்விசையை முறையாகக் கற்றவர். மேடையில் பெரிய பியானோவில் செவ்விசை வாசித்துவிட்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய, சுருதி தேய்ந்த இன்னொரு பியானோவுக்கு மாறி, எல்லோரும் சேர்ந்து பாடத்தக்க பழம் மெட்டுகளை வாசிப்பார். மக்கள் கூடுதலாகக் கேட்டது அந்தப் பழைய பியானோவைத்தான். 1954 டிசம்பரில் அவருடைய 'லெற்ஸ் ஹாவ் அனதர் பார்ட்டி' முதலாம் இடத்தைப் பெற்றது. பிரித்தானிய வரிசையில் அந்த இடத்துக்கு வந்த முதலாவது கறுப்பினக் கலைஞர் அவர். 1956இல் இன்னொரு தட்டுடன் மீண்டும் அங்கே வந்தார். இருபதுகளில் இருந்த எத்தனையோ பாடகர்களுக்கிடையில், நாற்பதை எட்டிவிட்ட ஒரு பெண், ஒரு சொல்லும் பாடாமல், விரல்களால் மாத்திரம் அதைச் செய்தார் என்பதை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

உங்களிடமுள்ளது பெரும்பாலும் அந்தத் தட்டே. பல மெட்டுகளைக் கோத்த அந்த வாசிப்பு ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கங்களுக்கு நீள்கிறது. ஆகவே நீங்கள் இதுவரை போட்டது பின்பாதியாக இருக்கலாம். இன்றைக்குத் தட்டைப் புரட்டி, அம்மம்மாவுக்கு முதற்பாகத்திலிருந்து போட்டுக் காட்டுங்கள்.