கேட்டு வாங்குங்கள்: போர்வைக் கண்காட்சிக் கடிதங்கள்

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போர்வை, மெத்தை விரிப்பு, பஞ்சடைத்த ரஜாய் எல்லாம் பரப்பி விற்பனைக் கண்காட்சி போட்டார்கள் அல்லவா? அது முடிந்து ஸ்டால்களைப் பிரித்த கையோடு கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளை எடுத்துவிட்டேன், விலைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, டபுள் சைஸ் ஜெய்ப்பூர் ரஜாய் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். சுத்தமான பஞ்சு, மெஷினில் தாராளமாகத் துவைக்கலாம் என்றார் கடைக்காரர். ஒரே துவைப்பில் பஞ்சு முழுக்க ஒரு மூலைக்குப் போய் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். பில்லுக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ என்று ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. நான் மீன் கம்பெனியில் வேலை செய்கிறவள். இது என் போனஸ் பணம்.
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் செய்ததில் தப்பு எதுவும் இல்லை அம்மா. துவைக்கலாமா என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். தப்பு பதில் சொன்னவர் மீது.

உதிரிப் பஞ்சு அடைத்த பழைய முறை ரஜாயைத் துவைக்கவே கூடாது. வெயிலில் காயப்போட வேண்டும், மேலுறையை மட்டும் துவைக்க வேண்டும். துவைக்கிற மாதிரி வேண்டுமென்றால் உள்ளே பஞ்சு தாளாகப் படிந்திருக்க வேண்டும், தையலும் நெருக்கமாக ஓட வேண்டும். உங்களுடையதில் ஒரு தையல் வரிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் பஞ்சு நகராமல் என்ன செய்யும்?

இனி செய்ய வேண்டியது. பணத்தை ஜிபேயில் அனுப்பினீர்களா? அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர், தேதி, தொகை, பரிவர்த்தனை எண் நாலும் அதில் இருக்கும். எஸ்டிமேட் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். திரண்ட பஞ்சைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலை வாடகைக்கு விட்ட ஏற்பாட்டாளரிடம் கடைக்காரரின் முகவரியை எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடைக்காரர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். போடுங்கள். 3,200 ரூபாய்க்கு வழக்கா என்று யாராவது சிரித்தால், அந்தப் பணத்தை அவரையே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘இன்றே கடைசி, 80 சதவீதத் தள்ளுபடி’ என்று போர்டு வைத்திருந்தார்கள். அவசரத்தில் நாலு கம்ஃபர்ட்டர் எடுத்துவிட்டேன். வீட்டில் ஏசியே இல்லை. பொருளில் குறை ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியுமா?
— வாசகர், மண்டபம்

பதில்: முடியாது.

கேள்வி: உம்மாவுக்குக் காட்டன் போர்வைதான் ஒத்துக்கொள்ளும், பாலியஸ்டர் பட்டால் உடம்பெல்லாம் அரிப்பு. எல்லா ஸ்டாலிலும் ‘ப்யூர் காட்டன்’ என்றே சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கீழக்கரை

பதில்: ஓரத்தில் பிசிறாக நிற்கிற நூலை ஒன்றிரண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். (உள்ளே வேண்டாம், சுற்றிலும் பஞ்சு.) காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகப் போகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறினால் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். ‘அசல் காஷ்மீர் கம்பளி’ என்று நான் வாங்கி வந்த சால்வை இந்தச் சோதனையில் சொட்டுச் சொட்டாக உருகி, சமையல்கட்டுத் தரையில் இன்னும் அழியாத தழும்பு ஒன்றை விட்டிருக்கிறது.

ஆனால் நூல் சொல்வது மேல் துணியைப் பற்றித்தான். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். தையல் ஓரத்தில் ஒரு விரல் அளவு பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் காட்டுவார். பிறகு எடை. துபாய்ப் பெட்டி கட்டுகிற ஊர் உங்களுடையது, வீட்டுக்கு வீடு கொக்கித் தராசு இருக்குமே, அதைக் கையோடு கொண்டுபோங்கள். 90க்கு 108 அங்குலப் போர்வையில் சதுர மீட்டருக்கு 200 கிராம் பஞ்சு என்று அவர் சொன்னால், பஞ்சு மட்டுமே ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. மேலும் கீழும் துணி சேர்ந்தால் இரண்டேகால், இரண்டரை கிலோ நிற்க வேண்டும். முள் ஒன்றரையில் நின்றால் தராசை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ஸ்டாலில் போர்டு. பில்லிலும் அதே முத்திரை. வீட்டுக்கு வந்து விரித்தால் நடுவில் நாலு அங்குலக் கிழிசல். போர்டைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரியா?
— வாசகர், பாம்பன்

பதில்: வந்தது ஐயா என் கேள்வி. அந்தப் போர்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரியில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருப்பது, முறையற்ற வணிகம் எது எது என்று பட்டியல் போடுகிறது. பிரிவு 2(47). பில் கொடுக்காமல் விற்பது அதில் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பணத்தைத் தர மறுப்பதும் இன்னொன்று. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் அவர் எடுத்தாக வேண்டும். தெர்மோகோலில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வரி எழுதி மாட்டிவிட்டால் பார்லிமெண்ட் போட்ட சட்டம் ரத்தாகிவிடுமா? கலர் பிடிக்கவில்லை, மருமகள் வேண்டாம் என்கிறாள் என்று திருப்பினால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு (மண்டபத்து வாசகர் கவனிக்க). கிழிசலுக்கு அந்தப் போர்டு செல்லாது.

இதில் எனக்கு அதிகக் கோபம் வாங்குகிறவர்கள் மீதுதான். மளிகைக் கடையில் அரை கிலோ குண்டு மிளகாய்க்குத் துண்டுச் சீட்டு கேட்டு வாங்குகிற நாம், ஐயாயிரம் ரூபாய்ப் போர்வைக்கு பில் கேட்கக் கூச்சப்படுகிறோம். ‘பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், வேண்டாமே’ என்று அவர் காதோடு சொன்னதும் என்னவோ நமக்கு லாபம் வந்த மாதிரி தலையாட்டுகிறோம். மிச்சம் பிடிப்பது அவர். சின்ன வியாபாரிக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. பெயர், முகவரி, தேதி, என்ன பொருள், என்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர ஜிஎஸ்டி எதற்கு? டவுனில் நிலையான கடை என்றால் மறுநாள் போய் வாசலில் நிற்கலாம். கண்காட்சிக்காரர் மறுநாள் சிவகாசியில் இருப்பார், அதற்கடுத்து எங்கேயோ. ‘பியூர் காட்டன், கைத்தையல்’ என்று வாயால் சொன்னதை அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். பேனா அங்கேயே தயங்கினால் வாங்காதீர்கள்.

உங்களுக்கு முப்பது நாள் இன்னும் முடியவில்லை. இன்றே வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதுங்கள்.

கேள்வி: வங்காளத்துக் காந்தா, முழுக்கக் கைத்தையல் என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். உண்மைதானா என்று எப்படித் தெரியும்?
— வாசகி, தொண்டி

பதில்: திருப்பிப் பாருங்கள். காந்தா ஓட்டுத் தையல். ஒரே நூல் மேலும் கீழும் ஓடும், இடையிடையே வெறும் துணி தெரியும், வரி லேசாக வளையும், முடிச்சு எங்காவது தட்டுப்படும். மெஷினில் மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று. தையல் இடைவெளியில்லாமல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஓடும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் முன்பக்கம் சிவப்பு நூல், அதே வரியின் பின்பக்கம் வெள்ளை. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டுமா? இராமேஸ்வரத்தில் நான் வாங்கிய வலம்புரிச் சங்கும் இந்த ரகம்தான்.

கேள்வி: ஹூஸ்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே நடக்கிற சர்வதேச குயில்ட் (துணிகளை அடுக்கித் தைத்த போர்வை) திருவிழாவுக்கு அழைத்துப்போனாள். ஒரு நாள் பூராவும் பார்த்தோம். ஆசையாக ஒன்றைத் தொட்டுவிட்டேன், உடனே ஓடிவந்து தடுத்தார்கள். ஏன் அப்படி? பிறகு ‘ஃபேட் குவார்ட்டர்’ என்று துண்டுத் துணிகள் வாங்கினேன். 18க்கு 22 என்றார்கள், இங்கே வந்து அளந்தால் 18க்கு 21தான். அமெரிக்காவிலும் ஏமாற்றுகிறார்களா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: இல்லை அம்மா, இது ஏமாற்று இல்லை. ஒரு கெஜம் 36 அங்குலம். அரை கெஜம் வெட்டி, அதன் அகலத்தைப் பாதியாக்கினால் அதுதான் ஃபேட் குவார்ட்டர். கால் கெஜத்தை முழு அகலத்துக்கும் வெட்டினால் 9 அங்குலப் பட்டைதான் கிடைக்கும், பெரிய பூ டிசைனுக்கு உதவாது. குயில்ட் துணியின் அகலம் 42 முதல் 44 வரை இருக்கும். 42ஐப் பாதியாக்கினால் 21. நியாயமான அளவு.

தொடக் கூடாது என்பதும் நியாயம்தான். சுவரில் தொங்குவது விற்பனைச் சரக்கு இல்லை, ஒருத்தர் மாதக்கணக்கில் தைத்தது. கை எண்ணெய்ப் பிசுக்கு துணியில் ஏறிவிடும். அங்கே வெள்ளைக் கையுறை போட்டுத் தன்னார்வலர்கள் நிற்பார்கள். கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத் தையலைக் காட்டுவார்கள். பின்பக்கம் பார்க்கிற அந்தப் பழக்கத்தைத் தொண்டி வாசகிக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்.

கேள்வி: சாயம் போகாமலிருக்க உப்பும் வினிகரும் போட்டு ஊறவைக்கச் சொன்னார் கடைக்காரர். செய்தேன். வெள்ளை வேட்டி ரோஸ் ஆகிவிட்டது.
— வாசகர், ஏர்வாடி

பதில்: போகிற சாயத்தை உப்பும் நிறுத்தாது, வினிகரும் நிறுத்தாது. வாங்கும்போதே கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதுசரி, புதுத் துணியோடு வேட்டியை ஏன் போட்டீர்கள்?

கேள்வி: போன வருஷம் வாங்கிய பஞ்சுப் போர்வையில் கறுப்புப் புள்ளிகள். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
— வாசகர், உச்சிப்புளி

பதில்: ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, கடல் பக்கத்துச் சுவரை ஒட்டிய பீரோவில் வைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பூஞ்சை. கடைக்காரரை விடுங்கள். பாலிதீனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.