டயர் தின்ற கண்ணாடி, பால் படர்ந்த பெயின்ட்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறேன். வயது 41. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பிளாஸ்டிக் மாடல் கார் கட்டுகிறேன். கட்டி முடித்தவை பத்துப் பன்னிரண்டு, கட்டிலுக்குக் கீழே திறக்காமல் கிடப்பவை 23 பெட்டி. போன மாதம் ஒரு பழைய பெட்டியைத் திறந்தால், டயர் முன்கண்ணாடியோடு ஒட்டி அதை உருக்கியிருந்தது. கார்த்திகையில் அடித்த கறுப்புப் பெயின்ட் பால் ஊற்றியதுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. இந்த ஊர்க் காலநிலைக்கு இது சரிவருமா, அல்லது பெட்டிகளை அப்படியே வைத்திருந்து பிறகு விற்பது புத்தியா?

பதில்: சரிவரும். கொட்டாஞ்சேனையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு சேதமும் எனக்கும் நடந்திருக்கிறது. இரண்டிலும் உங்கள் கைவேலையில் குறை இல்லை. ஒன்று வெக்கை செய்தது, மற்றது ஈரம் செய்தது. இரண்டும் கொழும்பில் வருடம் முழுக்க இலவசம்.

முதலில் டயரைப் பார்ப்போம். மற்ற 22 பெட்டிகளுக்குள்ளும் இந்த நிமிடம் அதே வேலை நடந்துகொண்டிருக்கலாம். மாடலின் உடம்பும் கண்ணாடியும் பொலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக். டயர் பார்க்க றப்பர் மாதிரி இருந்தாலும் அநேகமாக மென்மையான வினைல்தான். வினைல் இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலப்பார்கள். அது வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசியும். பக்கத்தில் பொலிஸ்டைரின் இருந்தால் அதற்குள் இறங்கி இளக்கிவிடும். வெக்கை கூடினால் வேகமும் கூடும். உங்கள் முன்கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், டயரின் வரிப்பள்ளங்கள் அச்சுப்போலப் பதிந்திருக்கும். ஏ.எம்.டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய பெட்டிகளைச் சேர்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தலையிடி.

ஆகவே இந்தக் கிழமைக்குள் எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிடுங்கள். சுற்றியிருக்கும் பொலித்தீன் உறையைக் கிழிக்க மனம் வராது, தெரியும். கிழியுங்கள். டயர்களை ஒரு சிப் பையில், கண்ணாடிப் பாகங்களை இன்னொன்றில், ஸ்டிக்கர் தாளை மூன்றாவதில் போடுங்கள். ஸ்டிக்கர் பைக்குள் மட்டும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வேண்டும். கட்டி முடித்த கார்களிலும் டயர் ரிம்மைத் தின்னும். டயரைக் கழற்ற முடிந்தால், குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்பை ரிம்மில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாட்டுங்கள். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும், மலிவு. அந்த டேப்புக்குள் எண்ணெய் இறங்காது.

நீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர்தான் பெட்டிக்குள் அடுத்துக் கெடும் பொருள். தாள் மஞ்சளாகியிருந்தால் பயப்படாதீர்கள். பொலித்தீன் பையில் போட்டு, வெயில் படும் யன்னலில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். முதலில், வேண்டாத ஒரு சின்ன எழுத்தை வெட்டி நீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால், முழுத்தாளுக்கும் மேலே கிளியர் லாக்கர் ஒரு பூச்சு அடித்துக் காயவைத்து, ஒவ்வொரு படத்தையும் ஓரத்தோடு ஒட்ட வெட்டிப் பாவிக்கலாம்.

இனிப் பெயின்ட். கூல் சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளியே நீர் முத்து முத்தாகப் படியுமே, உங்கள் கறுப்பு காரில் நடந்ததும் அதுதான். லாக்கர் வகைப் பெயின்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அந்தப் பரப்பைக் குளிராக்கும். காற்றில் ஈரம் மலிந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் இறங்கி, காயாத பெயின்டுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். கொழும்பில் இரவில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்துக்கு மேலே நிற்கும். நீங்கள் கார்த்திகையில், அதுவும் வேலை முடிந்து வந்து பின்னேரம்தான் அடித்திருப்பீர்கள். நானும் ஒருமுறை அப்படி அடித்த கருநீல வொக்ஸ்வாகனை விடியப் பார்த்தால், கறிக்கு முதற்பால் விட்ட மாதிரி நின்றது.

அதைக் காப்பாற்றலாம். உடனே சுரண்ட வேண்டாம். வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில், மெதுவாகக் காயும் ரிட்டார்டர் கலந்த தின்னரை ஏர்பிரஷால் பனிபோல ஒரு தடவை மட்டும் விடுங்கள். பெயின்ட் கொஞ்சம் இளகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேற, நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஏர்பிரஷ் இல்லையென்றால் அதே ஸ்ப்ரே டின்னால் இன்னொரு மெல்லிய பூச்சு. அப்படியும் போகாவிட்டால் 2000 இலக்க சாண்ட் பேப்பரை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பொலிஷ் போட வேண்டியதுதான். ஓரங்களில் கையை அழுத்தாதீர்கள், பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

ஆனால் காப்பாற்றுவதைவிட நாட்காட்டியை மாற்றுவது லேசு. வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவம் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையில் பின்னேர மழை. இந்த மாதங்களில் எஞ்சின், இருக்கை, டாஷ்போர்ட், அடிச்சட்டம் எல்லாவற்றையும் அக்ரிலிக் பெயின்டும் தூரிகையுமாக வீட்டுக்குள்ளேயே செய்து முடியுங்கள். உடம்பைத் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சுக்குத் தயாராக்கி அடுக்கிவையுங்கள். ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்பின் காய்ந்த மாதங்கள். தை பிறந்தால் பெயின்டுக்கு வழி பிறக்கும்! நான் வருடத்துக்கு நாலு உடம்பையும் அந்த ஆறு கிழமைக்குள் அடித்துவிடுவேன். காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, பின்னேரம் மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி பல்கனியில் தொங்கவிடுங்கள். 70க்கு மேலே காட்டினால் டின்னைத் தொடாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அடிக்கும் முறை சுருக்கமாக. அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் பாகங்களில் ஒட்டியிருக்கும், பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவையுங்கள். டின்னைக் கைபொறுக்கும் சூட்டு நீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். கொதிநீரும் அடுப்பும் வேண்டவே வேண்டாம். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி. கடைசிப் பூச்சு முடிந்ததும் காரை ஏசி அறைக்குள் கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் கூடையால் மூடிவிடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஏசி அறைக்குள் வைத்தே அடிக்க ஆசை வரும், கூடாது. அந்த ஆவி தலைக்கு ஏறும், தீயும் பற்றும். பல்கனி என்றாலும் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், துணி மாஸ்க் எதற்கும் உதவாது. உள்ளே விளக்கோ அடுப்போ எரியவில்லை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

டாமியா கம்பெனியின் ஸ்ப்ரே டின்களில் டி.எஸ். என்று தொடங்குபவைதான் நமக்கானவை. பி.எஸ். என்பது றிமோட் கார்களின் பொலிகார்பனேட் உடம்புக்கு. அது பொலிஸ்டைரினை அரித்துவிடும். லண்டனிலிருந்து வரும் சித்தப்பாவிடம் டின் கேட்காதீர்கள், ஸ்ப்ரே பெயின்டை விமானப் பொதியில் விடமாட்டார்கள். அவரிடம் பெட்டியைக் கேளுங்கள், பெயின்டை இங்கே தேடுங்கள். உண்மைக் காருக்கு அடிக்கும் பெயின்டையும் பாவிக்கலாம், ஆனால் அதன் தின்னர் காரமானது. பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டம் ஒன்றில் முதலில் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் சுருங்கி வெடித்தால், மாடலுக்கான பிரைமர் ஒன்று நடுவில் வேண்டும் என்று அர்த்தம்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். பெட்டியைச் சேமிப்புக் கணக்காக நினைக்காதீர்கள். அச்சு கம்பெனியிடம்தான் இருக்கிறது. கேள்வி கூடினால் அதே காரைப் புது ஸ்டிக்கரோடு திரும்பவும் விடுவார்கள். அன்றைக்கு உங்கள் பழைய பெட்டியின் விலை இறங்கிவிடும். அதுவரை கட்டிலுக்குக் கீழே டயர் கசியும், ஸ்டிக்கர் மஞ்சளாகும், அட்டையை வெள்ளிப்பூச்சி அரிக்கும். திறக்காத பெட்டிக்கும் வயது போகிறது. 23 பெட்டியை வருடத்துக்கு மூன்றாகக் கட்டினாலே கிட்டத்தட்ட எட்டு வருடம். உங்களுக்கு 49 ஆகியிருக்கும், வெள்ளெழுத்து வந்து கதவுக் கைப்பிடியைத் தேடி மேசைக்குக் கீழே டோர்ச் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு இப்போது தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. ஆகவே எது பிடிக்கும் என்று பார்க்காமல், எந்தப் பெட்டியின் டயரும் ஸ்டிக்கரும் முதலில் கெடும் என்று பார்த்து வரிசை போடுங்கள். மனம் ஒட்டாத ஐந்தாறை இப்போதே விற்றுவிடுங்கள்.

இடக்கணக்கும் ஒன்று போடுவோம். 1/24 அளவில் நாலு மீட்டர் கார் 17 சென்டிமீட்டருக்குள் அடங்கும். மூக்கு முன்னே பார்க்க நிறுத்தினால் ஒன்றுக்கு 10 சென்டிமீட்டர் அகலம் போதும், 60 சென்டிமீட்டர் தட்டில் ஆறு. ஐந்து தட்டுள்ள கண்ணாடி அலுமாரி முப்பதை விழுங்கும். கதவு இறுக்கமாகப் பூட்டுவதாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் நுளம்புத்திரியும் கார்களின் மேல் பழுப்பாக ஒரு பசையைப் படியவிடும், தூசி தட்டினால் போகாது. அலுமாரியை மேற்கு யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பின்னேர வெயில் வெள்ளைக் காரை மஞ்சளாக்கும். கடல் பக்கம் என்பதால் ஒன்று கூடுதலாக: சின்ன உலோகக் கார்களும் சேர்ப்பவர் என்றால், உப்புக்காற்றில் அவற்றின் அச்சுக்கம்பி துருப்பிடிக்கும், அவற்றை வேறு தட்டில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் எறிய வேண்டாம், அவணில் 110 பாகையில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் திரும்பவும் வேலை செய்யும்.

இந்த ஊர்க்காரருக்கு ஒரு ஆசை கட்டாயம் வரும்: அப்பாவின் மொறிஸ் மைனர். ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் கம்பெனி 1/32 அளவில் ஒன்று விட்டிருந்தது; கையில் அது 12 சென்டிமீட்டர்கூட வராது. அதற்கு எங்கள் பழைய இலக்கத்தகடு போட வேண்டுமே, ஈ.என்., ஈ.வை. என்று தொடங்கும் கறுப்புத் தகடு. வீட்டுப் பிரிண்டர் வெள்ளை மை அடிக்காது. ஆகையால் வெள்ளை ஸ்டிக்கர் தாள் வாங்கி, எழுத்தை வெறுமையாக விட்டுச் சுற்றிவரக் கறுப்பை அச்சிடுங்கள். இங்க்ஜெட் என்றால் மேலே லாக்கர் பூசாமல் நீரில் போடாதீர்கள், மை கரைந்து ஓடும். நான் என் முதல் தகட்டை அப்படித்தான் கறுப்புத் தண்ணீராக்கினேன்.

கடைசியாக, உருகிய முன்கண்ணாடி. வடு ஆழமில்லை என்றால் 1000, பிறகு 2000 இலக்கத் தாளால் நனைத்துத் தேய்த்து, பொலிஷ் போட்டால் தெளிந்துவிடும். ஒட்டும்போது சூப்பர் க்ளூ கிட்டவே வரக்கூடாது, அதன் ஆவி கண்ணாடியை மங்கலாக்கும்; வெள்ளைப் பசை போதும். ஆழமான வடு என்றால் அந்தக் காரை எறிந்துவிடாமல் முதல் ஸ்ப்ரேக்களுக்குப் பலியாடாக வைத்திருங்கள். நாலு நிறம் பழகி முடிந்ததும், கண்ணாடி இல்லாமல், துருநிறம் பூசி, ஒரு சில்லையும் கழற்றி, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகத்துக்குப் பிரித்துப்போட்ட கார் மாதிரிக் கட்டிப் பாருங்கள். என் அலுமாரியில் வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அப்படி ஒன்றைத்தான்.