மெரைன் டேங்க்: இந்த மாதக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் கடல் மீன் தொட்டி வைப்பவர்களுடையவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன். தொட்டி எத்தனை லிட்டர், உப்படர்த்தி எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்று எழுதாமல் "மீன் சோர்ந்து கிடக்கிறது, என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு ஜோசியம் தெரியாது.

தூத்துக்குடி வாசகர்: மெரைன் சால்ட் (தொட்டிக்குக் கடல்நீர் தயாரிக்கும் உப்புக் கலவை) விலை கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊரில் அயோடின் கலக்காத கல்லுப்பு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதையே கரைத்தால் என்ன?

உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? ஒருநாள் போய் நின்று பாருங்கள். உப்புத் தண்ணீரை நேரே விளைச்சல் பாத்திக்கு விடமாட்டார்கள். முதலில் வேறு பாத்திகளில் நிறுத்தி வெயிலில் சுண்ட வைப்பார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் அங்கேயே அடியில் படிந்துவிடும். கால்சியத்தில் பெரும்பகுதி அதோடு போயிற்று. உப்பு விளைந்த பிறகு மேலே நிற்கும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அதில் போயிற்று. வாரிக் குவிப்பது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்க வேண்டும். கல்லுப்பு ஊறுகாய்க்கு நல்லது.

சென்னை, பெசன்ட் நகர் வாசகி: கடல் ஐந்து நிமிட நடைதான். கேனில் பிடித்து வரலாமா?

ஊர்ச் சாக்கடை வந்து கலக்கும் அடையாறு முகத்துவாரமும் ஐந்து நிமிட நடைதான். வேண்டாம்.

கோயம்புத்தூர் வாசகர்: வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதுமா? 100 லிட்டருக்கு எவ்வளவு உப்பு?

வீட்டு ஆர்.ஓ. குடிப்பதற்காகச் செய்த மெஷின். வாய்க்கு ருசிக்க வேண்டும் என்று 50, 100 டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) வருகிற மாதிரி வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது 0. பின்னால் ஒரு டி.ஐ. கேட்ரிட்ஜ் (மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) சேர்த்து, மீட்டரில் பாருங்கள். உப்பு 100 லிட்டருக்கு மூன்றரையிலிருந்து நாலு கிலோ. தனி டிரம்மில் கரைத்து, ஒரு ராத்திரி பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார்) ஓடவிட்டு, காலையில் அளந்தால் உப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட எடை) 1.025 வர வேண்டும். மீன் இருக்கும் தொட்டிக்குள் உப்பைக் கொட்டிக் கரைக்கிற வேலை வேண்டாம்.

திருச்சி வாசகர்: தினமும் ஒரு அங்குலம் தண்ணீர் குறைகிறது. உடனுக்குடன் உப்புத் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுகிறேன். இப்போது 1.032 காட்டுகிறது. உப்படர்த்தி அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பழுதா?

அது பாவம், உண்மையைத்தான் சொல்கிறது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. அதன் மேல் நீங்கள் தினமும் உப்பு சேர்த்திருக்கிறீர்கள். குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் விட வேண்டும். ஏறியதை ஒரே நாளில் இறக்காமல் நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

சேலம் வாசகர்: தொட்டி வைத்து நாலாம் நாள் ஆறு மீன் விட்டேன். ஐந்து செத்துவிட்டது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததே?

அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அளந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. சைக்கிள், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேறுவது, மீன் இல்லாமல் முடிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0 காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால்தான் முதல் மீன். அதுவும் ஒன்றோ இரண்டோ. டெஸ்ட் கிட் வாங்கக் கணக்குப் பார்ப்பது யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது. மிச்சமிருக்கும் அந்த ஒரு மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திருநெல்வேலி வாசகி: மூன்றாவது வாரம், மணல் மேல் காப்பித்தூள் தூவியது மாதிரி இருக்கிறது.

டையாட்டம் என்ற பழுப்புப் பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், தானே போகும். எந்தப் பாட்டில் மருந்தும் ஊற்ற வேண்டாம்.

சென்னை வாசகர்: தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பவளமும் லைவ் ராக்கும் மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். கால்பந்து அளவுப் பவளம் ஒன்றைப் போட்டோ அனுப்பினார். வாங்கலாமா?

வாங்கக் கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி மறுமாதமும் வருகிறது, ஆகவே இந்த முறை நீட்டியே சொல்கிறேன்.

பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாமே 2001-லிருந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. செத்தது, உடைந்தது, கரையில் ஒதுங்கியது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. மாட்டினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. விற்றவர் சிம்மை மாற்றிவிடுவார். தொட்டி உங்கள் ஹாலில்தான் வெளிச்சம் போட்டு நிற்கும்.

சட்டம் இருக்கட்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். இன்று தண்ணீருக்கு மேலே தெரிவது 19. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போயின. 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். அந்தக் கால்பந்து உருவாகப் பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகியிருக்கும். சைக்கிள்கூட முடியாத உங்கள் தொட்டியில் அது பத்து நாள் தாங்காது. வெளுத்துப்போன எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

லைவ் ராக் என்பதும் பழைய பவள எலும்புதான். அதில் நமக்கு வேண்டியது பாக்டீரியா மட்டும், அதற்கு எந்தக் கல் என்ற வித்தியாசம் தெரியாது. செராமிக் கல்லோ சிமென்ட்டில் வார்த்து நன்றாக ஊறவைத்துக் காரம் போன கல்லோ வையுங்கள், ஓரிரு மாதத்தில் குடியேறிவிடும். கடையில் "இது இறக்குமதி சார், பேப்பர் இருக்கு" என்பார்கள். அந்தப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். உடனே டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு மீன் மட்டும் போதும்.

மதுரை வாசகர்: மே மாதத்தில் தொட்டி 32 டிகிரி. சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்) இல்லாமல் முடியாதா?

நமக்கு வேண்டியது 25 முதல் 27. தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாவது இரட்டிப்பாகும். திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். 32-ல் மீன் செத்துவிடாமல் கிடக்கலாம், அதைச் சமாளிக்கிறது என்று எண்ண வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மதுரை வெயிலுக்கு ஏ.சி. அறை அல்லது சில்லர். இரண்டுக்கும் வழியில்லையென்றால் நன்னீர் மீன் வளருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

புதுச்சேரி வாசகி: க்ளவுன் மீன் ஆண்-பெண் ஜோடி என்று கடையில் இரட்டை விலை சொல்கிறார்கள். கூடவே கடல் சாமந்தியும் (க்ளவுன் ஒதுங்கி வாழும், பூப்போன்ற கடல் பிராணி) கட்டாயம் வேண்டுமாம்.

இரண்டும் வியாபாரம். குட்டி க்ளவுன் எதுவும் பெண்ணாக இருக்காது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டை எடுத்து விடுங்கள், பெரியது பெண்ணாக மாறிவிடும். அது செத்துப்போனால் ஆணாக இருந்தது பெண்ணாகும். கடல் சாமந்தி இல்லாமலே சுகமாக வாழும். சாமந்திக்குக் குறைந்தது ஆறு மாதம் ஊறிய தொட்டி வேண்டும். கடலில் பிடித்த மீனாக இல்லாமல் குஞ்சு பொரித்து வளர்த்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு நிலையங்கள் க்ளவுனை வளர்த்துக் காட்டிப் பல காலம் ஆகிறது. வளர்ப்பு மீன் முதல் நாளே பெல்லட் தின்னும்.

ஈரோடு வாசகர்: உடம்பெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி. காப்பர் மருந்து ஊற்றலாமா?

தனித் தொட்டியில் ஊற்றலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால் எல்லாம் போய்விடும், கல்லில் ஏறிய காப்பரும் லேசில் போகாது. மீன்களை எல்லாம் வெளியே எடுத்து மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீன் இல்லாமல் ஓடவிடுங்கள். புது மீனை வாங்கியதும் குவாரன்டைன் தொட்டியில் போடுங்கள் என்று போன மாதமும் எழுதினேன், அதற்கு முந்தைய மாதமும் எழுதினேன்.

தஞ்சாவூர் வாசகர்: கரண்ட் அடிக்கடி போகிறது. இன்வெர்ட்டரில் எதை இணைப்பது?

பவர்ஹெட். லைட் வேண்டாம், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் மெஷின்) வேண்டாம். இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டால் பேட்டரி ஏர் பம்ப்.

வேலூர் வாசகர்: 4×1½×1½ அடித் தொட்டி, இரண்டாவது மாடி. தாங்குமா?

தண்ணீரே 250 லிட்டர். கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்ட் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி வையுங்கள். அறை நடுவில் வேண்டாம். பழைய கட்டடமானால் இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.