தேய்ந்த புஷ்ஷுக்குப் பாலியூரித்தேன் தேடுமுன், காரை இறக்கிவிட்டு இறுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: சின்னக் காரின் லோவர் ஆம் புஷ் தேய்ந்துவிட்டது. நுவரெலியாப் பக்கம்தான் ஓட்டம். ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ் போட்டால் நீண்ட நாள் வருமா?

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: லோவர் ஆம் என்பது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை. அது சட்டத்தோடு சேரும் இடத்தில் அடியைத் தாங்கும் மெத்தைதான் புஷ். பாலியூரித்தேன், சுருக்கமாகப் பாலி, ரப்பரைவிடக் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் வகை. நீங்கள் என்ன கார் என்று எழுதவில்லை. இருந்தாலும் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் போல இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்ததும் முன்சக்கரப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். காலை எடுத்ததும் இன்னொரு 'டக்'. டயரின் உட்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகியிருக்கும். கராஜில் யாராவது "இந்த மலைக்கு ரப்பர் நிக்காது, பாலி போடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். அதே பேச்சை நம்பி நானும் போட்டேன். இரண்டு தடவை புஷ் மாற்றிக் காசைக் கொட்டிய பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

முதலில் ஒன்று. நான் மெக்கானிக் இல்லை. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு, லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "டீச்சருக்கு சஸ்பென்ஷனைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருபவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கேளுங்கள். என் காரில் நடந்ததை, கராஜில் காரின் அடியில் நின்று பார்க்க வெட்டியிருக்கும் குழியில் நானே இறங்கிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கார் 2002ஆம் ஆண்டு விட்ஸ், 1000 சிசி. 2019இல் வாங்கினேன். அடுத்த மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் கதவு திறந்தது. இடையில் இருந்த ஐந்து வருடமும் எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் இருக்கும் பழைய காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாதம் ஒரு தடவை அம்மாவை நுவரெலியாவுக்கு கிளினிக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்கு முதுகு வலி. முப்பது வருடம் கூடை சுமந்த முதுகு. அதை மறக்காமல் வாசியுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் தடவை புஷ் மாற்றியது 2022 ஏப்ரலில். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம். கடையில் காலையில் சொன்ன விலை பின்னேரம் இல்லை. டவுனில் ஒரு கராஜில் இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டார்கள், சத்தம் நின்றது. அப்புறம் பெட்ரோல் தட்டுப்பாடு. பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகு காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த வருடம் முழுக்க என் கார் பெரும்பாலும் வாசலில்தான் நின்றது. ஆனால் 2023 ஜனவரியில் அதே 'டக்' திரும்பி வந்துவிட்டது. லீவரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால், முன்னால் இருக்கும் சின்னப் புஷ் இரண்டும் கிழிந்திருந்தன.

ஓடாத காரில் புஷ் எப்படிக் கிழிந்தது? இந்தக் கேள்வியை அப்போதே நான் கராஜில் கேட்டேன். மெக்கானிக் பாஸ் எனக்குப் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த என் தம்பியைப் பார்த்து, "மலைப் பாதை தானே, ரப்பர் தாங்காது, பாலி போடுவோம்" என்றார். தம்பிக்கு லைசன்ஸ்கூட இல்லை. கார் என்னுடையது, காசு என்னுடையது, கேள்வி கேட்டதும் நான். வேறொரு கராஜில் ஒரு தடவை, "வீட்டில ஐயாவ வரச் சொல்லுங்க டீச்சர், பேசிக்கலாம்" என்றார்கள். இதை வாசிக்கும் பாஸ்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொம்பளை ஆள் கேட்டாலும் பதிலை அவளிடமே சொல்லுங்கள். அன்றைக்கு என் கேள்விக்கு ஒருவர் நின்று யோசித்திருந்தால் ஒரு வருடச் செலவு மிஞ்சியிருக்கும்.

சரி, பாலிக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து எடுப்பித்து, சிவப்பு நிறப் புஷ் போட்டார்கள். முதல் கிழமை நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் கையில் கெட்டியாக நின்றது, வளைவில் கார் சொன்ன இடத்தில் திரும்பியது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தோட்டப் பாதையில் ஏறினால் ஒவ்வொரு கல்லும் சீட் வழியாக உடம்புக்குள் வந்தது. மழை தொடங்கியதும் கிரீச் கிரீச் என்று கத்த ஆரம்பித்தது. கிரீஸ் பூசினால் இரண்டு கிழமை சும்மா இருக்கும், பிறகு திரும்பவும். நானுஓயா தாண்டும் முன்பே அம்மா இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். ஒக்டோபர் கிளினிக்குக்கு "நான் பஸ்ஸில வாறேன் புள்ள" என்றார். எனக்கு அதற்கு மேல் அந்தக் காரை அப்படியே வைத்திருக்க மனம் வரவில்லை.

அப்பா 26 வருடம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். கார் வாங்கியதில்லை, லொறியின் அடியில் படுத்து வேலை செய்தே பழகியவர். கழற்றிய பழைய ரப்பர் புஷ்களை நான் ஓர் உரப்பையில் போட்டு வைத்திருந்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லுல அடிபட்டுப் போனதுன்னா ஒரு பக்கம் நசுங்கி இருக்கும். இது முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி. போல்ட்டை யாரு இறுக்கினது, தூக்கி வச்சுக்கிட்டா, இறக்கி வச்சா?" என்று கேட்டார். எனக்கு நினைவிருந்தது. காரை ஜெக்கில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டுத்தான் கீழே இறக்கினார்கள்.

விஷயம் இதுதான். ரப்பர் புஷ் என்றால் வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும், அசையாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஆம் ஆடுவது ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். அது வழுக்கிச் சுற்றுவதில்லை. சக்கரம் தொங்கும்போது ஆம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டால், ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. பிறகு காரை இறக்கினால் பாரம் ஏறி ஆம் மேலே வரும், ரப்பர் முறுகும், முறுகியபடியே நிற்கும். கார் ஓடினாலும் சரி, வாசலில் நின்றாலும் சரி, இரவு பகலாக அந்த முறுக்கு விடாது. அதற்கு மேல் ஒரு பள்ளம் வந்தால் இன்னும் முறுகும், ஒரு நாள் கிழியும். வாரம் 20 லீற்றரில் நின்ற காரில் புஷ் போனதற்குக் காரணம் அதுதான். மலையும் இல்லை, ரப்பரும் இல்லை.

பாலியூரித்தேன் வேலை செய்யும் விதம் வேறு. பெரும்பாலானவற்றில் அது உள்குழாயின் மேல் வழுக்கிச் சுற்றும். அதனால் தூக்கி வைத்து இறுக்கினாலும் கிழியாது. பாஸ்மாருக்கு அது நல்லதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் வழுக்கும் இடத்தில் சேறும் தண்ணீரும் போனால் கத்தும். என் காரில் கழற்றும்போது உள்குழாயில் துரு பிடித்திருந்தது. அதோடு, லோவர் ஆமின் பின்பக்கப் பெரிய புஷ் கொஞ்சம் கொடுப்பதற்கென்றே இருப்பது. பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் தள்ளப்படும், பள்ளத்தில் விழுந்தாலும் தள்ளப்படும், அந்த அடியை அதுதான் வாங்குகிறது. அதைக் கெட்டியாக்கினால் அடி வேறு இடத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் முதுகுக்குப் போனது.

2023 டிசம்பர் விடுமுறையில் மூன்றாவது தடவை. இந்த முறை ஜப்பான் ரப்பர், நல்ல சாமான். விலை முதல் வாங்கியதைவிட நிறையக் கூட. கராஜும் மாற்றினேன், குழி இருக்கும் இடமாகப் பார்த்துப் போனேன். சுத்தியலால் அடித்து ஏற்ற விடவில்லை, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார்கள். வழுக்கச் சோப்புத் தண்ணீர் மட்டும். கிரீஸும் எஞ்சின் ஒயிலும் இந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சேர்விஸ் முடிந்ததும் துருப் பிடிக்காமல் இருக்க அடியில் ஒயில் அடிப்பார்களே, அதையும் நான் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பின் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வெட்டு இருந்தால், பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் போக வேண்டும். கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

போல்ட்களைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டு, காரை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, அதன் பிறகு குழிக்குள் இறங்கி முழுசாக இறுக்கினார்கள். நானும் கூட இறங்கி நின்றேன். குழி இல்லாத இடத்தில், ஆமின் வெளி நுனியில், சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் பக்கம் இன்னொரு ஜெக்கைக் கொடுத்து, காரின் பாரம் அதில் ஏறும் வரை தூக்கி இறுக்கலாம். பிறகு வீல் எலைன்மென்ட். இன்று வரை அதே புஷ்தான். அம்மா பஸ்ஸில் போவதை விட்டுவிட்டார்.

பாலி பாவிப்பவர்கள் கோபிக்க வேண்டாம். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குக் கார் கொண்டுவருபவர்களுக்கு அது தேவை, அவர்களுக்குச் சொகுசு முக்கியமில்லை. வளைவில் கார் அதிகம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் புஷ்ஷுக்கு அன்றாடக் காரிலும் பாலி போடலாம், அதில் பெரிய குறை வராது. பாலி மோசமான சாமான் என்று நான் எங்கும் சொல்லவில்லை. என் காரில் அது கிழியவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் காருக்குப் பொருந்தாது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. "மலைப் பாதை, மலைப் பாதை" என்கிறார்கள். ஹட்டன் - நுவரெலியா ஏ7 பாதை நல்ல பாதை. வளைவும் இறக்கமும் காரை உடைப்பதில்லை. உடைப்பது பிரதான வீதியிலிருந்து எங்கள் லய வீடுகளுக்கு ஏறும் இரண்டு கிலோமீற்றர். நான் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபைக்கே எங்கள் வாசலுக்கு ஒரு லோட் கல் கொட்ட வழி இருக்கவில்லை. 2018இல் அதைத் திருத்தினார்கள். பாடத்தில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிறார்கள், "அப்ப ஏன் மிஸ் நம்ம ரோட்டு இன்னும் இப்படி இருக்கு?" மழை நாளில் பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை அந்தப் பாதையில் முச்சக்கர வண்டியில் இறக்குகிறார்கள். நல்ல புஷ் வாங்க எனக்குச் சம்பளம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நல்ல பாதைதான் வேண்டும்.

உங்கள் காருக்கு வருகிறேன். காசு கொடுக்குமுன் சத்தம் புஷ்ஷிலிருந்துதானா என்று பாருங்கள். போல் ஜொயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஷொக் அப்சோபரின் மேல் மவுண்ட் எல்லாம் இதே மாதிரிச் சத்தம் தரும். பழைய மாருதி 800, அல்டோ என்றால் இன்னும் கவனம். அவற்றில் லோவர் ஆம் முன்பின்னாக நகராமல் பிடித்திருப்பதே ஸ்டெபிலைசர் பார்தான். அதன் நுனிப் புஷ் தேய்ந்திருந்தால் ஆமில் எத்தனை புது ரப்பர் போட்டாலும் பிரேக்கில் 'டக்' போகாது. மாற்றுவதானால் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். கராஜுக்குப் போனதும், வேலை தொடங்குமுன்பே, "இறக்கிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

எந்தக் கார், எத்தனையாம் வருடம் என்று கீழே எழுதுங்கள். பழைய புஷ்ஷைக் கழற்றியதும் எறிந்துவிடாமல் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கிழிந்திருக்கும் விதத்தை அப்பாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.