பகலில் வேலை, ராத்திரியில் பாட்டு: கேள்வி பதில்

சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு, கிடைக்கிற நேரத்தில் பாட்டு எழுதி, வீட்டிலேயே பதிவு செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மெட்டு, வரி, வீட்டுப் பதிவு, நேரம் ஒதுக்குவது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சினிமா வாய்ப்பும் சேனல் வளர்ப்பும் என் துறை இல்லை.

ஈரோடு, வங்கி ஊழியர்: அக்கா, வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஒரு பல்லவி வந்ததும் உடனே பதிவு செய்ய ஆரம்பித்துவிடுகிறேன். குரலுக்குச் சரியான ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) தேடுவதிலேயே ராத்திரி போய்விடுகிறது. நிறையப் பல்லவிகள் சேர்ந்துவிட்டன, முழுப் பாட்டு ஒன்றுகூட இல்லை.

உங்களுக்குக் கிடைக்கிற நேரம் போதும். ஒரே ராத்திரியில் மூன்று வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் சிக்கல். மெட்டுக் கட்டும்போது தோன்றியதையெல்லாம் தயங்காமல் பாடிப் பார்க்க வேண்டும். பதிவுக்குத் தொண்டையும் உடம்பும் தயாராக இருக்க வேண்டும். மிக்ஸிங்குக்கு, அதாவது பதிவு செய்த ஒலிகளைச் சமன் செய்து சேர்ப்பதற்கு, குறை கண்டுபிடிக்கிற காது வேண்டும். பல்லவி பிறந்த பத்தாவது நிமிடமே அந்தக் காதைக் கூப்பிட்டால் சரணம் எழுதத் துணிச்சல் வராது.

வார நாட்களை எழுதுவதற்கு மட்டும் வையுங்கள். கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டு, போனில் குரல் பதிவு, தம்புரா ஆப், இவ்வளவு போதும். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல், ஒரே ஒரு வாத்தியத்துடனோ சும்மா தாளம் தட்டியோ பாட முடிகிறதா? அப்போதுதான் அது பதிவுக்குப் போகலாம். பதிவை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மிக்ஸிங்கை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். இடைவெளி விட்டுக் கேட்டால் பாதிப் பிரச்சினை தானாகத் தெரியும்.

இன்னொன்று. நோட்டில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் கட்டை (சுருதி), தாளம், வேகம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு), தேதி நாலையும் எழுதுங்கள். 'ஐந்தரைக் கட்டை, மிஸ்ர சாபு, 96' என்று இருந்தால் மூன்று மாதம் கழித்தும் அதே இடத்திலிருந்து தொடரலாம். இல்லாவிட்டால் வேறு சுருதியில், வேறு வேகத்தில் பாடிப் பார்த்து, 'அன்றைக்கு நன்றாக இருந்ததே' என்று பாட்டையே கைவிட்டுவிடுவீர்கள். போன் பதிவுக்கு முதல் வரியையே பெயராக வையுங்கள். சேர்ந்திருக்கும் பல்லவிகளை இன்றைக்கே வேறொரு இடத்திலும் பிரதி எடுங்கள். போன் தொலைந்தால் அத்தனையும் போய்விடும்.

கும்பகோணம்: மேடம், ஆரம்பிக்க எந்த மைக் வாங்கலாம்?

மூன்று பாட்டு முழுசாக எழுதிய பிறகு வாங்குங்கள். அதுவரை போன் போதும். வாங்கும்போது அறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெருச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் இருக்கிற அறை என்றால் டைனமிக் மைக்தான் நல்லது. வாயருகே வைத்துப் பாடினால் சுற்றியிருக்கும் சத்தம் குறைவாகத்தான் ஏறும். ஷூர் எஸ்எம்58 என்ற மைக் 1966-லிருந்து மேடைகளில் இருக்கிறது, அந்த வகை. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்) தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி, வேண்டும். அந்த மைக் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அக்கறையாகப் பிடிக்கும்.

சிங்கப்பூர்: பிப்ரவரியில் 28 நாளில் 14 பாட்டு எழுதும் சவால் இருக்கிறதே, அதில் சேரலாமா? நான் சிறுகதையும் எழுதுகிறேன், படமும் வரைகிறேன். எல்லாமே பாதியில் நிற்கிறது.

சேருங்கள். 2004-லிருந்து நடக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு பாட்டு என்று கணக்கு. அந்த வேகத்தில் யாராலும் மெருகேற்றிக்கொண்டிருக்க முடியாது, எழுதுகிறவர்களுக்கு அதுதான் நன்மை. கரடுமுரடான டெமோ போதும். பதினான்கில் இரண்டு தேறினாலும் அந்த இரண்டும் வேறெப்படியும் வந்திருக்காது.

உங்கள் உண்மையான கேள்வி மூன்று கலையையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்பது. தினமும் மூன்றையும் தொடுவது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனசு மாறுவதற்கே அரை மணி போய்விடும். மாதக் கணக்கில் பிரியுங்கள். பிப்ரவரி பாட்டு எழுத, மார்ச் அவற்றில் இரண்டைப் பதிவு செய்ய, ஏப்ரல் மே கதைக்கு. கதை மாதத்தில் மெட்டு வந்தால் போனில் பாடி வைத்துவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். படம் வரைவதை மட்டும் எல்லா மாதமும் வைத்துக்கொள்ளலாம். காதுக்கு ஓய்வு கிடைக்கும், கையும் சும்மா இருக்காது.

நாகர்கோவில்: அறையில் எதிரொலி, வெளியே சத்தம். ஃபோம் ஒட்டினால் சரியாகுமா?

ஃபோம் உள்ளே இருக்கும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்காது, அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தை, அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருப்பதையும்தான் அதிகம் கேட்கும், ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் மெத்தென்று ஆக்க வேண்டும். இரண்டு தடிமனான ஜமுக்காளம் தொங்கவிட்டாலும் நல்ல மாற்றம் தெரியும். விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள், ஒரு சரணம் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

காலண்டரையும் பாருங்கள். மார்கழி விடியற்காலையும் ஆடி மாதமும் கோயில் ஒலிபெருக்கிக்கு உரியவை. அந்த நாட்களில் எழுதுங்கள், குரல் பதிவைத் தள்ளி வையுங்கள்.

ஓசூர்: அக்கா, மெட்டு நன்றாக வருகிறது. வரி போட்டதும் ஏனோ கேட்கிறவர்களுக்குப் புரியவில்லை என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெரும்பாலும் குறில் நெடில்தான் காரணம். மெட்டில் நீண்ட சுரம் வரும் இடத்தில் குறில் எழுத்தை வைத்தால் பாடும்போது அதை இழுத்தே ஆக வேண்டும். 'மலை' என்று எழுதியிருப்பீர்கள், கேட்கிறவர் காதில் 'மாலை' விழும். 'வனம்' 'வானம்' ஆகும், 'கலம்' 'காலம்' ஆகும். அடுத்த வரியைக் கேட்டுக் குழம்புவார்கள்.

முதலில் மெட்டைத் தத்தகாரமாக, அதாவது 'தன', 'தானா' என்ற ஒலிகளாக, எழுதிக்கொள்ளுங்கள். 'தானா' என்று வரும் இடத்துக்கு 'மாலை', 'தனா' என்று வரும் இடத்துக்கு 'மலை'. ஒற்றில் முடியும் குறிலும் கைகொடுக்கும். 'கண்', 'மண்' இரண்டையும் மூக்கொலியில் நீட்டலாம், உயிரெழுத்து நீளாது. இன்னொரு சோதனை: பாட்டை மெட்டில்லாமல், தாளத்தை மட்டும் வைத்துப் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். பேசும்போது அழுத்தம் விழாத அசையில் தாளத்தின் தட்டு விழுந்தால் அந்த வரி நெருடும். வரியை மாற்ற மனமில்லை என்றால் மெட்டை மாற்றுங்கள். எழுதும் கட்டத்தில் இரண்டுமே உங்கள் கையில் இருக்கிறது. பதிவு செய்து பத்து டிராக் (தனித்தனி ஒலிப்பதிவு) ஏற்றிய பிறகு ஒரு குறிலுக்காக யாரும் திரும்பிப் போவதில்லை. எழுதி முடித்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

சென்னை, பீட் செய்பவர்: அக்கா, இதை ஒத்துக்க முடியாது. கம்ப்யூட்டரைத் திறக்காதே என்றால் என்னைப் போன்றவர்கள் எழுதவே முடியாது. டிரம்ஸ் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தாளம்) ஓடினால்தான் எனக்கு வரியே வருகிறது. ஹிப்ஹாப்பில் பீட்தான் பாட்டு.

நியாயம்தான் தம்பி. உங்கள் இசையில் கிக் டிரம்மின் நிறமே படைப்பின் பகுதி. லூப் போடுவது உங்களுக்கு எழுத்து வேலைதான், கம்ப்யூட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மட்டும் பாருங்கள்: புதிதாக ஒரு பகுதி வந்திருக்கிறதா, அதே எட்டு பார் (தாளச் சுற்று) இன்னும் அழகாக ஒலிக்கிறதா? இரண்டாவது என்றால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

மறுபடி அவரே: எட்டு பார் அழகாக ஒலித்தால்தானே அடுத்தது வரும்? அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் கேசட்டில் போட்ட டெமோவே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வந்தது. எழுத்து வேறு, பதிவு வேறு என்றால் அது எப்படி நடந்தது?

மதுரை, மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்: குறுக்கிடுகிறேன் அம்மா. எங்கள் காலத்தில் ஸ்டுடியோவுக்குள் போகும்போது நோட்ஸ் முழுசாகத் தயாராக இருக்கும். கால்ஷீட் முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து வாசித்து முடிப்போம். இந்தத் தம்பிக்குத் தடை எதுவும் இல்லை, அதுதான் அவருடைய பிரச்சினை.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டில் ஸ்பிரிங்ஸ்டீன் வைத்திருந்தது டியாக் நிறுவனத்தின் நாலு டிராக் கேசட் ரெக்கார்டர். குரலுக்கும் கிதாருக்கும் இரண்டு டிராக், ஹார்மோனிகா, கூடுதல் குரல் மாதிரியானவற்றுக்கு மீதி இரண்டு. உட்கார்ந்தபோது பாடல்கள் கிட்டத்தட்டத் தயாராக இருந்தன. பிறகு முழு பேண்டோடு வாசித்துப் பார்த்து, அந்த உணர்வு வரவில்லை என்று கேசட்டையே வெளியிட்டார்கள். தம்பி, வரியும் மெட்டும் எந்த அலங்காரமும் இல்லாமல் நின்றதால்தான் அது ஆல்பமானது. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு: அந்தக் கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்றப் பொறியாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். டெமோவானாலும் நல்ல ஒலி அளவில் பதிவு செய்யுங்கள், உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் இருக்கட்டும்.

மதுரை ஐயா, தடை உதவும் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்கிறவர்கள் தினமும் அதையே தொழிலாகச் செய்தவர்கள், தாளைப் பார்த்ததும் வாசிப்பார்கள். கணக்கு எழுதிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குக் கிதாரை எடுப்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நாலு இடத்தில் வெட்டி ஒட்டினால் தப்பில்லை.

தம்பிக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: வரிகள் முடியும்வரை நாலு டிராக்குக்கு மேல் போடாதீர்கள். லூப், பேஸ், ஒரு வாத்தியம், குரல். ஐந்தாவது வேண்டுமானால் மூன்றாவது சரணம் எழுதிய பிறகு.

சென்னை: நாலு ரொம்பக் கம்மி அக்கா. ஆறு?

சரி, ஆறு. ஏழு கிடையாது.

தஞ்சாவூர், வீணை: வேகம் காட்ட ஹெட்போனில் கிளிக் சத்தம் போட்டால் வாசிப்பின் உயிர் போகிறது. கிளிக் இல்லாமல் பதிவு செய்யலாம்தானே?

நீங்கள் மட்டும் வாசிப்பதானால் தாராளமாக. பிறகு வேறொருவர் மிருதங்கம் சேர்க்கப் போகிறார் என்றால் கிளிக் வேண்டும், அவருக்கு உங்கள் கண்ணைப் பார்த்து வாசிக்க வழியில்லையே. ஒவ்வொரு அட்சரத்துக்கும் டிக் டிக் என்று வேண்டாம். ஆதி தாளத்தில் 80 வேகம் என்றால் எட்டு அட்சரச் சுற்றான ஒரு ஆவர்த்தனம் 6 வினாடி, அது தொடங்கும் சமத்துக்கு மட்டும் ஒரு தட்டு வையுங்கள். நடுவில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கரூர்: ஹலோ மேடம், நல்ல மைக் எது?

மேலே கும்பகோணத்துக்குச் சொன்னதே.

வேலூர்: பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது.

புளூடூத் ஹெட்போனா? கழற்றிவிட்டு வயர் உள்ளதைப் போடுங்கள். அதற்கும் தாமதம் என்றால் பதிவு செய்யும்போது மென்பொருளில் பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் 21 மில்லி வினாடி, 128 என்றால் 3 மில்லி வினாடிக்கும் குறைவு. மிக்ஸிங்கின்போது பழையபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

விழுப்புரம்: பாரதியார் பாடலுக்கு நானே மெட்டுப் போட்டு வெளியிடலாமா?

தாராளமாக. நம் சட்டத்தில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை, பாரதி மறைந்தது 1921-ல். ஆனால் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. சினிமாவில் வந்த பாரதி பாட்டின் மெட்டை எடுத்துப் பாடுவது வேறு விஷயம், அதைப் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சேலம்: சேனலுக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

முதலிலேயே சொன்னேன், என் துறை இல்லை.

கோவை: ஐந்தாயிரத்துக்குள் கண்டென்சர் மைக்...

மைக் பற்றி இனி பதில் சொல்ல மாட்டேன். மைக் கேட்ட ஒருவராவது எழுதி வைத்த பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

திண்டுக்கல்: லேப்டாப் பழுதாகி எல்லாப் பதிவும் போய்விட்டது. இனி எப்படிச் சேமிப்பது?

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு நிமிட மோனோ டிராக் 8.6 எம்பி. பத்து டிராக் உள்ள நாலு நிமிடப் பாட்டு 350 எம்பிக்குள் அடங்கும். சாதாரணப் பென்டிரைவே பல பாட்டுகளைத் தாங்கும். பதிவு முடிந்த அன்றைக்கே இரண்டு பிரதி, ஒன்று வீட்டுக்கு வெளியே, அல்லது இணையச் சேமிப்பில். புராஜெக்ட் ஃபைல் மட்டும் போதாது, ஒவ்வொரு டிராக்கையும் வேவ் (சுருக்கப்படாத ஒலி) ஃபைலாக எடுத்து வையுங்கள். மென்பொருள் மாறினாலும் அவை திறக்கும்.

திருநெல்வேலி: கனடாவில் இருக்கும் நண்பர் புல்லாங்குழல் வாசித்துத் தருகிறேன் என்கிறார். எப்படி அனுப்புவது?

எம்பி3 வேண்டாம், வேவ். எல்லா டிராக்கும் ஒரே புள்ளியிலிருந்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். முன்னால் ஒரு ஆவர்த்தனம் கிளிக் விடுங்கள். வேகத்தையும் சாம்பிள் ரேட்டையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். எங்கே வாசிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று நீங்களே முணுமுணுத்துப் பாடி ஒரு வழிகாட்டி டிராக்கும் அனுப்புங்கள். அவரும் வேலைக்குப் போகிறவர்தான், யோசிக்கும் நேரத்தை மிச்சப்படுத்துவது பெரிய உதவி. அப்புறம், மூங்கில் குழல் ஒவ்வொன்றும் ஒரு கட்டைக்கென்றே செய்யப்படுவது. அவரிடம் எந்தெந்தக் கட்டைக் குழல் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். குரலை அதற்குப் பிறகு பதிவு செய்யலாம்.