இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் உண்மையில் என்ன வேலை இருக்கும்? எதற்குத் தயாராகப் போக வேண்டும்?

நிறுவனங்கள் மூலதனம் திரட்டவும், வேறு நிறுவனங்களை வாங்கவும் விற்கவும் ஆலோசனை சொல்வதுதான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங். பெரும்பாலான வங்கிகளில் இந்த இன்டர்ன்ஷிப் ஏறத்தாழ 10 வாரம். முதல் வாரம் கணக்கியல், எக்செல், நிறுவன மதிப்பீடு என்று பயிற்சியிலேயே போய்விடும். பிறகு ஓர் அணியில் சேர்ப்பார்கள். யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பவருக்கு ஸ்டாஃபர் என்று பெயர். நீங்கள் செய்து முடித்த பக்கத்தை முதலில் பார்ப்பவர் அனலிஸ்ட். பிறகு அது அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், மேனேஜிங் டைரக்டர் என்று மேலே போகும். நீங்கள் கொடுத்த எண்ணை அனலிஸ்ட் மறுபடி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறதா, இல்லையா? உங்களைப் பற்றிய அபிப்பிராயம் பெரும்பாலும் இதை வைத்துத்தான் உருவாகும்.

டிசிஎஃப் (எதிர்காலப் பணவரவை இன்றைய மதிப்பாக்கும் கணக்கு), எல்பிஓ (பெரும்பாலும் கடன் வாங்கி ஒரு நிறுவனத்தை வாங்கும் கணக்கு) மாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு பலர் வருகிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் முழு மாடலை இன்டர்ன் கையில் கொடுப்பது அரிது. உங்களிடம் வருவது நிறுவன அறிமுகப் பக்கம், விற்பனைக்கு வரும் நிறுவனத்தை வாங்க வாய்ப்புள்ளவர்களின் பட்டியல், பிட்ச் புக் (வாடிக்கையாளரிடம் காட்டும் விளக்கப் பக்கங்கள்) திருத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘காம்ப்ஸ்’. ஒரே துறையில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்களை வரிசைப்படுத்தி, அவற்றின் நிறுவன மதிப்பு (பங்குகளின் சந்தை மதிப்போடு கடனையும், துணை நிறுவனங்களில் பிறருக்குள்ள பங்கையும் கூட்டி, ரொக்கத்தைக் கழித்தது) எபிட்டாவைப் போல, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபத்தைப் போல, எத்தனை மடங்கு என்று ஒப்பிடும் அட்டவணை அது. பார்க்க எளிது. தப்பு நடப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஓர் உதாரணம். பங்கு விலை 50, வெளியில் உள்ள பங்குகள் 10 கோடி, கடன் 200 கோடி, ரொக்கம் 80 கோடி, துணை நிறுவனங்களில் பிறருக்குள்ள பங்கின் மதிப்பு 10 கோடி, எபிட்டா 65 கோடி. 500 + 200 + 10 − 80 = 630 கோடி, அதாவது 9.7 மடங்கு என்று எழுதிவிட்டால் தவறு. ஆண்டறிக்கையின் பின்குறிப்பில், ஊழியர்களிடம் 1 கோடி ஆப்ஷன்கள் (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) இருக்கின்றன, அவற்றை 30-க்குப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கும். அவர்கள் மாற்றினால் நிறுவனத்துக்கு 30 கோடி வரும். அந்தப் பணத்தில் 50 விலைக்கு 60 லட்சம் பங்குகளைத் திரும்ப வாங்கலாம். மீதி 40 லட்சம் பங்குகள் கூடுதல். ஆக 10.4 கோடி பங்குகள், சந்தை மதிப்பு 520 கோடி, நிறுவன மதிப்பு 650 கோடி, சரியாக 10 மடங்கு. கன்வர்டிபிள் பத்திரம் (பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம்) இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதைப் பங்காகக் கணக்கிட்டால் கடனிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ப்பது பரவலாக நடக்கும் பிழை.

அடுத்தது காலக்கணக்கு. நிறுவனங்களின் நிதியாண்டு வெவ்வேறு மாதத்தில் முடிவதால், கடந்த 12 மாத எண்ணை எடுப்பார்கள். முழு ஆண்டு வருவாய் 1,200, இந்த ஆண்டு முதல் பாதி 700, சென்ற ஆண்டு முதல் பாதி 550 என்றால், 1,200 + 700 − 550 = 1,350. அந்த 12 மாதத்தில் ஆலை மூடிய செலவு, வழக்குச் சமரசத் தொகை போன்ற ஒருமுறைச் செலவுகள் இருந்தால் எபிட்டாவில் திரும்பக் கூட்ட வேண்டும், எந்த அறிக்கையில் எந்தப் பக்கம் என்று குறித்தும் வைக்க வேண்டும்.

குத்தகை என்ற பொறியைப் பலர் கவனிப்பதே இல்லை. 2019 முதல் அமலில் உள்ள, பல நாடுகள் பின்பற்றும் சர்வதேசக் கணக்கு முறையின் ஐஎஃப்ஆர்எஸ் 16 விதிப்படி குத்தகைப் பொறுப்பு பேலன்ஸ் ஷீட்டில் கடன்போல் ஏறும். வாடகை தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிவதால் எபிட்டா கூடும். அமெரிக்கக் கணக்கு முறையில் ஆப்பரேட்டிங் குத்தகை (சொத்தைச் சொந்தமாக்காமல் பயன்படுத்த மட்டும் எடுப்பது) வாடகை இன்னும் செலவாகவே கழிகிறது. இரண்டு முறை நிறுவனங்களையும் சரிப்படுத்தாமல் ஒரே அட்டவணையில் வைத்தால், கடைகள் நிறைய வைத்திருக்கும் சில்லறை வணிக நிறுவனங்களில் ஒப்பீடே அர்த்தமற்றுப் போகும். இதை நீங்களாகவே கவனித்துச் சொன்னால் அந்த அணியில் உங்கள் பேச்சுக்கு மரியாதை வந்துவிடும்.

எக்செலில் ஒரு வழக்கம் உண்டு. கையால் அடித்த எண் நீலம், சூத்திரம் கருப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை. சூத்திரத்துக்குள் எண்ணை அடித்து வைக்காதீர்கள். அனுமானம் மாறும்போது அது மட்டும் மாறாமல் நிற்கும், யாருக்கும் தெரியாது.

மேலிருப்பவர்கள் பகல் முழுக்கக் கூட்டங்களில் இருப்பார்கள். மாலையில்தான் பக்கங்களைப் படித்துச் சிவப்பு மையில் திருத்தம் போட்டு அனுப்புவார்கள். இரவு நீள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து, செய்ததை டிக் அடித்துக்கொண்டே போங்கள். 7-ஆம் பக்கத்தில் ஓர் எண் மாறினால் 2-ஆம் பக்கச் சுருக்கம், வரைபடம், அடிக்குறிப்பு ஆகியவற்றிலும் மாற வேண்டும். எக்செலில் புதுப்பித்த வரைபடம் பவர்பாயிண்ட்டில் பழையதாகவே கிடக்கலாம். முடித்ததும் அச்செடுத்து, கூட்டுத்தொகை, அலகு (ஆயிரமா, மில்லியனா), பங்கு விலையின் தேதி, ஆதாரக் குறிப்பு என்று விரல் வைத்துப் பாருங்கள். திரையில் தப்பிக்கும் பிழை காகிதத்தில் மாட்டும்.

வேலை வாங்கும்போதே எப்போது வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள், இதுபோல் முன்பு செய்தது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழைய கோப்பை மாதிரியாக எடுத்தால் அதில் முந்தைய வாடிக்கையாளரின் பெயர் அடிக்குறிப்பிலோ மறைந்த ஷீட்டிலோ தங்கியிருக்கும். அது வெளியே போனால் வெறும் எழுத்துப்பிழை அல்ல, ரகசிய மீறல். டீல்களுக்குப் புனைபெயர் வைப்பது இதற்காகத்தான். லிஃப்டில், உணவு மேசையில், வீட்டில்கூட நிறுவனப் பெயரைச் சொல்லாதீர்கள். பங்கு வாங்கி விற்கும் பழக்கம் இருந்தால் சேர்ந்த அன்றே விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் பிரிவிடம் விதிகளைக் கேளுங்கள்.

நேரத்தைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. வாரம் 70, 80 மணி நேரம் வழக்கமானதுதான். 2013-இல் லண்டனில் ஒரு வங்கி இன்டர்ன் இறந்த பிறகு இது பெரிய விவாதமானது. 2015-இல் கோல்ட்மேன் சாக்ஸ், கோடைக்கால இன்டர்ன்கள் நள்ளிரவு முதல் காலை 7 வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்றது. 2024-இல் ஜேபி மார்கன் இளநிலை ஊழியர்களுக்குப் பெரும்பாலும் வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. விதி இருந்தாலும் அதைக் காப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. இரண்டு டீல் வேலை ஒரே இரவில் மோதினால், இரண்டையும் தலையில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்காராதீர்கள். எது முதலில் என்று ஸ்டாஃபரிடம் மாலை 6 மணிக்கே கேளுங்கள். இரவு 2 மணிக்கு “முடியவில்லை” என்பதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை. உடம்பு சரியில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

பாதியில், ஐந்தாவது வாரம் வாக்கில், மதிப்பீடு ஒன்று நடக்கும். “நன்றாகப் போகிறது” என்று சொன்னால் அதோடு எழுந்து வராதீர்கள். எந்தப் பக்கத்தில் என்ன குறை, அடுத்த முறை எப்படி இருக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். நிரந்தர வேலைக்கான பேச்சில் உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த அனலிஸ்ட்டுகளையும் கேட்பார்கள். மீதி ஐந்து வாரத்தில் அதே குறை மறுபடி வந்ததா என்பதுதான் அவர்கள் நினைவில் நிற்கும்.